நடுப்பூங்கா நிறுத்தம்

டிராம் ஓடத் தொடங்கிய அன்று தெருவே சந்தோஷப்பட்டது. பெரியவளுக்கு மட்டும் அதில் ஒட்ட முடியவில்லை. ஊரின் மறு கோடியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு மூன்று பஸ் மாற வேண்டும் என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வந்த சாக்கு அன்றோடு போயிற்று. இனி ஒரே வண்டி. ஏறினால் இறங்க வேண்டியதுதான் பாக்கி.

அவள் சலவைக் கடையில் துணி தேய்க்கிறவள். கடைக்கு எதிரே இருந்த பஸ் டிப்போவை எடுத்துவிட்டுப் புல்லும் மரக்கன்றும் வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் மாடியில் உலர்த்திய வெள்ளைச் சட்டைகளில் சாயங்காலத்துக்குள் கரி படிந்துவிடும். மறுபடி அலச வேண்டும். இப்போது அந்த வேலை இல்லை. மிச்சமான நேரத்துக்கு நிறுத்தத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்து, டிராமிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"தினம் யாருக்கு இந்தக் காவல்?" என்றாள் கடைக்கார அம்மாள்.

"காத்து வாங்கறேன்க்கா."

"காத்து என்ன, டிராம்லயா வந்து இறங்குது?"

பெரியவள் அடுத்த டிராம் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. அம்மா இறந்துபோன வீட்டுக்குத் தங்கைதான் வந்து பார்க்க வேண்டும் என்று இவள் இருந்தாள். தான் குடிபோன புது வீட்டுக்கு அக்காதான் முதலில் வர வேண்டும் என்று சின்னவள் இருந்தாள். "வாயேன்" என்று போனில் இவள் சொல்வாள். "நீதான் வாயேன்" என்பாள் அவள். மூன்று பஸ் என்று இருவருமே சிரிப்பார்கள். பிறகு அந்தப் போனும் தேய்ந்து நின்றுபோனது. புது வீடு பழசாகியிருக்கும். தங்கைக்கு நரை விழுந்திருக்குமா என்றுகூட இவளுக்குத் தெரியாது.

அன்று வண்டியை நிறுத்திவிட்டுச் சோம்பல் முறிக்க இறங்கிய டிரைவர் இவளைப் பார்த்துச் சிரித்தார்.

"அந்தக் கோடியிலயும் ஒரு அம்மா இப்படித்தான் பெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அச்சு அசல் உங்க முகம். கூடப் பொறந்தவங்களோ?"

பெரியவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இப்பத்தான் வரும்போது அவங்ககிட்டயும் சொன்னேன். அவங்களும் கண்ணாடியத்தான் துடைச்சாங்க. உங்கள மாதிரியேதான்."

அவர் மணியடிக்கும் வரை அவள் அசையவில்லை. மணி அடித்ததும் எழுந்து ஏறிக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று பாதி வழியில் ஒரு பயம் வந்தது. அப்போதும் இறங்கவில்லை.

அந்தத் தடத்தில் ஒரே தண்டவாளம்தான். நடுப்பூங்காவில் மட்டும் இரண்டாகப் பிரியும். எதிர் வண்டி வந்து சேரும்வரை இந்த வண்டி அங்கே நிற்க வேண்டும். நின்றது. எதிர் வண்டியும் வந்து பக்கத்தில் ஒட்டி நின்றது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னவள்.

நரைத்துத்தான் இருந்தாள். மடியில் பை. இவளைப் பார்த்ததும், "நீ போய் உன் வீட்ல இரு, நான் வரேன்" என்று கையால் காட்டினாள். பெரியவளும் அதையே திருப்பிக் காட்டினாள். இருவரும் எழுந்தார்கள். அவள் எழுந்ததைப் பார்த்து இவள் உட்கார, இவளைப் பார்த்து அவளும் உட்கார்ந்தாள். இப்படியே போனால் இவள் அந்தப் பெஞ்சுக்கும் அவள் இந்தப் பெஞ்சுக்கும் போய்ச் சேர வேண்டியதுதான். கதவு மூடப்போகிற சத்தம் கேட்டது. பெரியவள் குதிக்காத குறையாக இறங்கினாள்.

வண்டிகள் இரண்டும் ஆளுக்கொரு திசையில் நகர்ந்தன. எதிர் மேடையில் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். நடுவில் புல்லும் தண்டவாளமும்தான். எங்கோ பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா நிற்பது போலவே நிற்கிறாள் என்று பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைப் பார்க்காமல் எப்படி இருந்தோம்?

"வாயேன்," என்றாள் சின்னவள்.

நீ வா என்று நாக்கு நுனி வரை வந்தது. பெரியவள் அதை விழுங்கிவிட்டுப் புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடி புல்லில் காலை வைத்தாள்.