உப்பு நக்கிய குதிரை

இளவரசன் காய்ச்சலிலிருந்து பிழைத்ததற்கு நேர்த்திக்கடனாக எருது பலி கொடுத்து ஊருக்கே கறிவிருந்து வைக்க, பக்ராதுனி வம்சத்து மன்னர் தன் தலைநகரான ஆனியிலிருந்து எங்கள் கோயிலுக்கு வந்தார். அவருடைய சேவகர்கள் பிடித்துவந்தது என் எருதை. புருஷன் செத்த பிறகு என் நிலத்தை உழுவது அது ஒன்றுதான். வாய் வலிக்கத் திட்டினேன், யார் கேட்டார்கள்?

வெட்டுமுன் எருது மந்திரித்த உப்பை நக்க வேண்டும். பாதிரியார் ஓஸ்கான் தட்டை நீட்டியதுதான் தாமதம், மன்னரின் வெள்ளைக் குதிரை கழுத்தை நுழைத்து அவ்வளவையும் வழித்து நக்கிவிட்டது.

"வேற உப்பு கொண்டாங்கய்யா!" என்றான் ஒரு சேவகன்.

"உப்பத் தின்னது எதுவோ, அதுதான் ஆண்டவனுக்கு," என்றார் பாதிரியார்.

"குதிரைக்கறிய யாரு சாமி தின்பா?" என்றார் மன்னர்.

"வெட்ட வேணாம் ராஜா. கோயிலுக்கு விட்டுடுங்க."

மன்னர் குதிரையின் காதைத் திருகினார். "ஏண்டா, அரண்மனையில உனக்கு உப்பே போடலையா?" சிரித்துக்கொண்டே எருதின் கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டு, ஆனிக்கு நடந்தே போனார்.

கறிக்குக் காத்திருந்த ஊர் என்னை முறைத்தது. முறைக்கட்டும்! அன்றிலிருந்து இளவரசனுக்காகத் தினமும் ஒரு ஜெபம். என் வீட்டு உப்பில் முதல் பிடி கோயில் குதிரைக்கு. எருது பொறுமையாகக் காத்திருக்கும். அதற்கும் விஷயம் தெரியும்.