பழைய தபால் நிலையம், உட்புறம்

எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் இந்த வருட நிகழ்ச்சி நிரலில் நான்கு உரைகள், கூடவே ஊரை நடந்தே சுற்றிப் பார்க்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உரைகளுக்குப் பத்துப் பேர் வந்தால் பெரிது; அதிலும் சிலர் மின்விசிறிக்காக வருகிறவர்கள். சுற்றிப் பார்ப்பதற்கு மட்டும் கூட்டம் சேரும். இந்த முறை "பழைய தபால் நிலையம், உட்புறம்" என்று அச்சாகியிருந்ததால் இன்னும் கொஞ்சம் கூடுதல். அது தபால் நிலையமாக இல்லாமல் போய் வெகுகாலமாகிறது. இப்போது அங்கே ஒரு பெண் தையற்காரர் தன் வயதான அம்மாவோடு குடியிருக்கிறார்.

சங்கச் செயலாளர் என் அக்காவின் கணவர். சொன்னதை மாற்றிச் சொல்லமாட்டார் என்பதால் ஊரில் அவருக்குப் பெயர் 'கல்வெட்டு'. அனுமதி கேட்டு முறைப்படி கடிதம் எழுதியாயிற்று என்று அத்தான் சொன்னார். யாருக்கு எழுதினார் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

வாசலில் போய் நின்றபோதுதான் தெரிந்தது. தையற்காரரின் தம்பி, லாரி டிரைவர், கதவுக்குக் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னால் அவர் அக்கா, அந்தத் தையற்காரர், கண்ணெல்லாம் சிவந்து.

"கடிதம் போட்டது யாரு?" என்றார் டிரைவர்.

"நான்தாங்க," என்றார் அத்தான்.

"எங்கப்பா பேருக்குப் போட்டிருக்கீங்க. அவரு போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகுது."

அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தக் கட்டடத்தின் உரிமையாளர்களை ஆதியிலிருந்து வரிசையாகச் சொல்லக்கூடியவர் அவர். வரிசையின் கடைசிப் பெயருக்கே கடிதத்தையும் எழுதிவிட்டிருக்கிறார்.

"செத்தவங்களைத்தான் தெரியும்போல. இருக்கிறவங்க கண்ணுக்குத் தெரியமாட்டோமா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். என் அக்காவாகத்தான் இருக்கும்.

தையற்காரர் சிரிக்கவில்லை. "வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடத்தைப் பார்வையிட வர்றோம்னு எழுதி, முத்திரை வேற குத்தியிருக்கீங்க. ஒரு வாரமா எனக்குத் தூக்கமில்ல. எங்கம்மாவால மாடி ஏற முடியல. கீழ, அந்தப் பழைய கவுன்ட்டர் இருக்கிற இடத்துல குளியலறை கட்டறதுக்கு ஆளும் சொல்லியாச்சு. ஒரு செங்கல்லைக்கூடத் தொடக்கூடாதுன்னு நீங்க பலகை மாட்டிட்டுப் போயிட்டா, அம்மாவை வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

"பலகையா? எங்க சங்கத்துல உட்கார்ற நாற்காலியே இரவல்மா," என்றார் அத்தான். "நான் சொன்னா என் வீட்டுலயே யாரும் கேக்கறதில்ல."

"அது சத்தியம்," என்றார் என் அக்கா.

"அப்ப நீங்க அரசாங்கம் இல்லையா?"

"இல்லவே இல்ல."

தையற்காரர் நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவிங்களா, இதை மொதல்லயே எழுதித் தொலைச்சிருக்கலாம்ல," என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டிரைவர் கட்டிய கையை அவிழ்த்துவிட்டு, "வாங்க, செருப்பை இங்கயே விடுங்க," என்றார்.

உள்ளே கவுன்ட்டர் அப்படியே இருந்தது. காசு தள்ளித் தள்ளி நடுவில் மரம் குழிந்திருந்தது. அதைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேச அத்தான் தயாராக வந்திருந்தார்.

"இதை எடுக்கலாம்தானே?" என்றார் தையற்காரர், இன்னும் கொஞ்சம் பயத்தோடு.

எல்லோரும் அத்தானைப் பார்த்தோம். அவர் அந்தக் குழியை ஒருமுறை தடவினார். பக்கத்து அறைக் கட்டிலில் அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுங்கம்மா. தாராளமா எடுங்க. ஒரு படம் மட்டும் பிடிச்சுக்கறோம்."

படம் பிடித்து முடிப்பதற்குள், குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று பேச்சு கிளம்பிவிட்டது. கட்டடம் எந்த வருடத்தது என்பதில் இதுவரை ஒத்துப்போகாத எங்கள் உறுப்பினர்கள், கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும், உள்ளே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும் என்பதில் உடனே ஒத்துப்போனார்கள். அத்தான் முட்டி போட்டுத் தரையின் சரிவைப் பார்த்தார். நிரலில் மிச்சமிருந்த இரண்டு இடங்களுக்கு அன்று நாங்கள் போகவே இல்லை.