மெத்தையைத் தடவுகிற கை

கடிகாரக்காரருக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. எறும்பு கடித்தாலும் தெரியாது, வெந்நீர் கொட்டினாலும் தெரியாது. மாடிப்படியில் விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு ஏழு வருடம் ஆகிறது. ஆனால் இடுப்புக்கு மேலே அந்த மனுஷனுக்கு எல்லாமே கொஞ்சம் அதிகமாகத் தெரியும். யார் எதற்குச் சிரித்தார்கள், யார் எதை மறைக்கிறார்கள் என்று ஓயாத கணிப்பு. கடிகாரம் ரிப்பேர் செய்கிறவருக்கு மனிதர்களையும் திறந்து பார்த்தால்தான் திருப்தி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்த அவர் மனைவியின் கை நின்றுவிட்டது.

"ஏங்க, வலது பக்கம் உக்காருற எலும்பு மேல சிவந்திருக்கு. பொத்தான் அளவுக்கு."

நமக்கெல்லாம் அது ஒரு விஷயமே இல்லை. அவருக்கு அப்படி இல்லை. போன தடவை இப்படி ஒரு சிவப்புதான் புண்ணாகி, அவரை நாலு மாதம் குப்புறப் படுக்கவைத்தது. வேலை மேஜை சும்மா கிடந்தது. பழுதுபார்க்கக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்ப வாங்கிப் போனார்கள். இப்போதுதான் மறுபடி ஆட்கள் படியேறி வருகிறார்கள். இன்னொரு புண் வந்தால் அந்த மேஜையை மறந்துவிட வேண்டியதுதான்.

சந்தேகம் நேராகப் பயில்வான் மேல் போய் உட்கார்ந்தது. பயில்வான் என்பது பட்டப்பெயர். ஆள் ஊதினால் பறந்துவிடுவான். ஆனால் தொண்ணூறு கிலோ கடிகாரக்காரரைச் சறுக்குப் பலகை வைத்து, கட்டிலிலிருந்து வீல்சேருக்கு ஒரே தள்ளில் மாற்றிவிடுவான். எட்டு மாதமாகப் பகல் முழுக்க அவன்தான் துணை. மாற்றுவதற்கு முன் காற்றடைத்த வீல்சேர் மெத்தையைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு கடுகு கிடந்தாலும் ஆபத்து. அந்த நேரத்தில் இவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடப்பார். தடவினானா இல்லையா, யாருக்குத் தெரியும்?

ஒவ்வொரு வேலை முடிந்ததும் அவன் டிக் போடுவதற்காகச் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையை உற்றுப் பார்த்தார். இரண்டு மணிக்கு ஒன்று, மூன்றரைக்கு ஒன்று என்று போட வேண்டிய டிக் எல்லாம் ஒரே மூச்சில் போட்டது போல ஒரே சாய்வில் இருந்தன. காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்தானே. 'திருட்டுப்பயல், உட்கார்ந்த இடத்தில் டிக் போடுகிறான்' என்று முடிவே கட்டிவிட்டார்.

மறுநாள் காலை ஒரு வேலை செய்தார், பாருங்கள்! பழைய அலாரம் கடிகாரத்திலிருந்து கழற்றிய பித்தளைப் பல்சக்கரம் ஒன்று, கட்டைவிரல் நகம் அளவு. உட்கார்ந்தபடியே அதைத் தொடைக்கும் மெத்தைக்கும் நடுவே செருகிவிட்டார். சிவந்த எலும்புக்குத் தள்ளித்தானே, மதியம் வரைதானே என்று ஒரு கணக்கு. மதியம் கட்டிலில் இறக்கி மறுபடி ஏற்றும்போது தடவினால் கையில் கிடைக்கும், எடுத்து நீட்டுவான். நீட்டாவிட்டால் குட்டு உடைந்தது.

மதியம் இறக்கினான், ஏற்றினான். ஒன்றும் நீட்டவில்லை. அதை வெளியே எடுக்கக்கூடத் தோன்றாமல், சாயங்காலம் வரை உள்ளுக்குள் கொதித்தபடி அவர் காத்திருந்தார்.

"இன்னிக்கு மெத்தையில ஏதாவது கெடச்சுதா?"

"இல்லையேண்ணே. சுத்தமாத்தான் இருந்துச்சு."

"தடவிப் பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"வாயத் தொறந்தா பொய்! போடா வெளியே. நாளைக்கு இந்தப் பக்கம் தலை காட்டாதே!"

பயில்வான் விழித்தான். செருப்பை மாட்டினான். "எட்டு மாசத்துல ஒரு நாளாவது அந்தப் புள்ள முகஞ்சுளிச்சிருக்குமா? உங்க நாக்கு இருக்கே!" என்று மனைவி பொரிந்தாள். கடிகாரக்காரர் ஜெயித்த முகத்தோடு இருந்தார்.

அந்த முகம் ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை. வாரம் ஒருமுறை வரும் நர்ஸம்மா வந்து, மனைவியோடு சேர்ந்து அவரைக் கட்டிலுக்கு மாற்றிப் புரட்டி, பேண்டைத் தளர்த்தினார்.

"ஐயையோ, இது என்ன?"

பேண்ட் துணி மடிப்பில் சிக்கிக்கொண்ட பல்சக்கரம், அவர் கட்டிலுக்குப் போனபோது கூடவே போய், வந்தபோது கூடவே வந்திருக்கிறது. மெத்தை சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது. சறுக்கும்போது எலும்புக்கு அடியில் நகர்ந்து, நேற்றைய சிவப்பின் மேலேயே பற்கள் அழுந்தி, தோல் கிழிந்து ரத்தம் கசிந்தது.

"நேத்து சிவந்தது மெத்தையில காத்து கொறஞ்சதால. காத்தடிச்சிருந்தா ரெண்டு நாள்ல மறைஞ்சிருக்கும்" என்றார் நர்ஸம்மா, வீல்சேர் மெத்தையை அமுக்கிப் பார்த்து. "இது அப்படி இல்ல. மாசக்கணக்குல குப்புறத்தான் படுக்கணும். யாரு வச்சது இதை?"

மனைவி சக்கரத்தைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். உடனே பயில்வானுக்குப் போன் போட்டாள்.

காலையில் பயில்வான் வந்தான். குப்புறக் கிடந்தபடியே அவர் எல்லாவற்றையும் சொன்னார். "நான்தான்டா வச்சேன். புத்தி கெட்டுப் போச்சு. மன்னிச்சுடு."

"டிக் போடுறதுல நான் சோம்பேறிதாண்ணே. வேலையில இல்ல." சுவர் அட்டவணையை ஒருமுறை பார்த்தான். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் வரேன். அண்ணிக்குக் கத்துக்குடுத்துட்டு வேற வீடு பாத்துக்குறேன்."

"கோவமா?"

"இல்லாம இருக்குமா? ஆனா அதுக்காக இல்ல. என்ன தப்பு கண்டுபிடிப்பீங்களோன்னு நெனச்சுக்கிட்டே தூக்கினா, ஒரு நாள் உங்கள கீழ போட்டுடுவேன்."

கடிகாரக்காரர் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதார். முதுகுக்குப் பின்னால் பாடம் தொடங்கிவிட்டது. "முட்டிக்கு அடியில கையக் குடுங்க அண்ணி. இழுக்காதீங்க, தோல் உரியும். தூக்கி வைங்க." மனைவிக்கு மூச்சு வாங்குவது கேட்டது. தலையைத் திருப்பினாலும் அவரால் எதையும் பார்க்க முடியவில்லை.

"காலை சரியா வச்சாச்சுங்க" என்றாள்.

'நிஜமாவா?' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிம்மா" என்றார்.