ஆந்தை எண்ணாத ஆட்கள்

ரோசினா தன் கணினி நிரலுக்கு லெச்சூசா என்று பெயர் வைத்திருந்தாள். ஸ்பானிய மொழியில் ஆந்தை என்று அர்த்தம். மெய்நிகர் உலகத்துக்குள் வந்து போகிறவர்கள் எந்தச் சந்தில் நடக்கிறார்கள், எங்கே கூடுகிறார்கள், எந்த இடத்தில் அலுத்துப்போய் வெளியேறுகிறார்கள் என்பதையெல்லாம் பார்த்துக் கூட்டமுள்ள இடத்தைச் சிவப்பாகவும் ஆளில்லாத இடத்தை நீலமாகவும் வரைந்து காட்டும். இப்படிப்பட்ட சரக்கைப் பெரிய கம்பெனிகள் பூட்டி வைத்து விற்கின்றன. ரோசினாவோ மூலநிரலை அப்படியே திறந்து போட்டிருந்தாள். யாரும் எடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம். ஒருவரும் எடுக்கவில்லை. படிக்கவும் இல்லை. பாராட்டாக ஒரே ஒரு நட்சத்திரம் விழுந்திருந்தது. அதுவும் அவள் தம்பி கை தவறிப் போட்டது.

அதனால்தான், ‘மிதக்கும் பேட்டை’க்காரர்கள் ஆந்தையைச் சோதித்துப் பார்க்கிறோம் என்றபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மிதக்கும் பேட்டை என்பது உருகுவே தலைநகரான மொந்தேவிதேயோ ஆட்கள் சேர்ந்து கணினிக்குள் கட்டிய ஊர். கால்பந்துத் திடல், கரையோரச் சாலை, பிளாசா என்கிற ஊர்ச் சதுக்கம் எல்லாம் உண்டு. நிஜ ஊரில் இல்லாத ஒன்றும் உண்டு: சொன்ன நேரத்துக்கு வரும் பேருந்து. ஆனால் சர்வர் சின்னது. கார்னிவல் திருவிழாவுக்கு மேடை கட்டவேண்டுமானால் ஏதாவது ஒன்றை இடித்தாகவேண்டும்.

“எதை இடிக்கறதுன்னு உன் ஆந்தையே சொல்லட்டும். சரியாச் சொன்னா இங்கேயே வச்சுக்கறோம். தப்பாச் சொன்னா பறந்து போயிடணும்” என்றாள் நிர்வாகி மிர்த்தா.

ஆந்தை ஊரைச் சுற்றிப் பார்த்துச் சொல்லிவிட்டது: பிளாசாவை இடியுங்கள், அங்கே ஆளே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சுட்ட கறியெல்லாம் தின்று முடித்தபின், முடிவெடுக்கக் கூடினார்கள். ஆளாளுக்கு அவரவர் வீட்டில். கணினிக்குள் அவர்களுடைய உருவங்கள் மட்டும் பிளாசா பெஞ்சுகளில். வாயெதிரே மைக். அந்தப் பெஞ்சுகளை ஒவ்வொன்றாக வரைந்தவர் வில்மார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். சும்மா இருப்பாரா?

“என்ன பொண்ணே, உன் கோட்டான் என் பிளாசாவை இடிக்கச் சொல்லுதாமே?”

“நான் சொல்லல வில்மார். தரவு சொல்லுது.”

“தரவுக்கு வாய் இருக்கா? கூட்டிட்டு வா, நான் பேசிக்கறேன்.”

“விடுங்க வில்மார்” என்றான் கொன்சாலோ. அவனும் நிரல் எழுதுகிறவன்தான், வாய் கொஞ்சம் நீளம். “உங்க பெஞ்சுல உக்காந்தா என் உருவத்தோட முதுகு சுவத்துக்குள்ள போயிடுது.”

“உன் முதுகு வளைஞ்சு கெடந்தா அதுக்கு என் பெஞ்சு என்னடா பண்ணும்?”

மிர்த்தா அதட்டினாள். “ரோசினா, ஆந்தையை இங்கேயே ஒரு திரையில போடு. நேரடியாப் பாத்துடலாம்.”

ரோசினா பிளாசா நடுவில் திரையைத் தொங்கவிட்டாள். திடலில் இரண்டு பேர் பந்தை விரட்டிக்கொண்டிருந்தார்கள்; அங்கே சிவப்பு. பிளாசாவும் முதலில் சிவப்பாகத்தான் இருந்தது. பேச்சு வளர வளர அது வெளிறியது, அப்புறம் நீலமானது. அதன்மேல் காட்டிய ஆள் எண்ணிக்கை ஒவ்வொன்றாக இறங்கி, பூஜ்யத்தில் போய் நின்றது.

முதலில் கண்டது ரோசினாதான். திரையை மூடிவிட்டு, இணைப்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா? வருஷக்கணக்கான உழைப்பு, பாவம், அப்படித்தான் தோன்றும். அதற்குள் வில்மார் பார்த்துவிட்டார்.

“ஏம்மா, பிளாசாவுல ஆள் பூஜ்யம்னு போட்டிருக்கே. அப்போ நான் யாரு, பேயா?”

“எல்லாரும் செத்துட்டோமா?” என்றாள் மிர்த்தா. யாரோ மைக்குக்குப் பக்கத்தில் மாத்தே என்கிற மூலிகைத் தேநீரைக் கடைசிச் சொட்டுவரை ‘கொர்ர்ர்’ என்று உறிஞ்சினார்கள்.

“இருங்க, நிரலைத் திறந்துட்டேன்” என்றான் கொன்சாலோ. “ஆங், கேளுங்க. ‘ஐந்து நிமிடம் அசையாத உருவத்துக்குள் ஆள் இல்லை. எண்ணாதே.’ அடிப்பாவி! இதை எந்த ஊர்ல உக்காந்துடி எழுதுன?”

எங்கிருந்தோ வந்த துப்பாக்கி சுடும் விளையாட்டுகளைப் பார்த்து எழுதியது அது. அங்கே அசையாதவன் பிணம். இங்கே? ரோசினா குனிந்து தன்னைப் பார்த்தாள். வலது கையில் மாத்தே நிரம்பிய சுரைக்குடுவை. இடது அக்குளில் இடுக்கிய வெந்நீர்ப் பிளாஸ்க். உருவத்தை நகர்த்தும் சுட்டியைத் தொட மூன்றாவது கை வேண்டும். அவள் உருவமும் பெஞ்சில் கல்லாகத்தான் இருந்தது. தன் ஆந்தையே தன்னை எண்ணவில்லை.

“பேசறதையாவது எண்ணியிருக்கலாமே?” என்றாள் மிர்த்தா.

“ஒட்டுக்கேக்கற ஆந்தையை நீங்க உள்ள விட்டிருப்பீங்களா?” என்று கேட்டாள் ரோசினா.

“இறக்கையைப் பிச்சிருப்போம்.”

“தப்பு என்னுதுதான்” என்றாள் ரோசினா. “பிளாசா மேல கை வைக்காதீங்க. ஆந்தையைக் கழட்டிடறேன்.”

“கழட்டறதா!” வில்மாருக்குக் கோபமே வந்துவிட்டது. “திறந்து போட்டிருக்கேன், யாரும் திருத்தலாம்னு பீத்திக்கிட்டயே. அப்போ திருத்த விடு. எனக்கு நிரல் தெரியாது, வழி சொல்லத் தெரியும். பெஞ்சுல உக்காந்தவன், இணைப்பைத் துண்டிச்சுட்டுப் போறவரைக்கும் ஆள்தான்.”

“தூங்கிட்டா?” என்றாள் ரோசினா.

“கூட்டத்துல மிர்த்தா பேசறப்போ பாதிப்பேர் தூங்கறான். வந்தவன்னுதானே வருகைப்பதிவுல எழுதறோம்?”

கொன்சாலோ திருத்தி அனுப்பினான். ரோசினா ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டாள். அவள் நிரலில் வேறொருவர் கை பட்டது அதுதான் முதல் தடவை. சேர்த்துவைத்த பதிவுகளையெல்லாம் ஆந்தை மறுபடி எண்ணியது. பிளாசா கொவ்வைப்பழமாய்ச் சிவந்தது; திடல் அதன் பக்கத்தில் ரோஜா நிறம். ஊரிலேயே நீலமாய் நின்றது ஒரே ஒரு கட்டடம்.

“அது என்னது?” என்றார் வில்மார், தெரியாதவர்போல.

அது நிர்வாக அலுவலகம். திரைச்சீலை, மேஜை, பூச்சாடி எல்லாம் மிர்த்தாவே பார்த்துப் பார்த்து வைத்தது. அங்கே யாரும் உட்கார்ந்ததே இல்லை. அவளும்தான்.

மிர்த்தா பெருமூச்சு விட்டாள். “இந்தச் சனியன் பிடிச்ச ஆந்தை சரியாத்தான் சொல்லுது. இடிச்சுத் தொலைங்க. பூச்சாடியை மட்டும் இங்க கொண்டாந்து வைங்க.”

சாயங்காலம் ஆந்தையின் இணையப் பக்கத்தில் முதல் புகார் வந்து கிடந்தது, வில்மாரிடமிருந்து: “என் மச்சான் காலையிலேருந்து பெஞ்சுல தூங்கறான். அவனை மட்டும் எண்ணாதே.”

“முடியாது, விதி நீங்க சொன்னதுதான்” என்று பதில் எழுதிவிட்டு, ரோசினா அடுத்த புகாருக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.