செய்தவருக்கு முதல் கஞ்சி

ஷர்புன்னிசா கஞ்சித் தூக்கைக் கம்ப்யூட்டர் மேஜைமேல் வைத்தபோது, பகலவன் மேஜைக்கு அடியில் குனிந்து வயரைத் தேடுகிறவன்போல் பாவனை செய்துகொண்டிருந்தான். வயர் எங்கும் போய்விடவில்லை. முகத்தை எங்கே வைப்பது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

"இன்னாத்த தேடிக்கினு இருக்க? எந்திரி தம்பி. இன்னிக்குத்தான் மொத நோன்பு. பள்ளிவாசல்ல காச்சுன கஞ்சி. நாங்க பொழுது போனாத்தான் குடிப்போம், நீ சூடா இருக்கறப்பவே குடி. இத செஞ்ச கைக்குன்னு சொல்லி வாங்கியாந்தேன்."

'இத' என்று அவர் காட்டியது மண்டியின் கணக்கு மென்பொருளை. கணவர் சாதுல்லா இறந்த பிறகு கள்ளக்குறிச்சியில் அந்தப் புளி மண்டியை ஷர்புன்னிசாதான் நடத்துகிறார். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் புளியும் கடுக்காயும் யார் கொண்டுவந்தது, என்ன எடை, யாருக்கு எவ்வளவு பட்டுவாடா, எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில். போன வருஷம் பகலவன் போட்டுக் கொடுத்தான். 'பகலவன் கணக்கு' என்று திரை திறக்கும். கீழேயே 'உருவாக்கியவர்: பகலவன், கள்ளக்குறிச்சி' என்று இருக்கும்.

உருவாக்கியவர் அவன் இல்லை. ஜாவா நிரல்மொழியில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம் என்று நிரலோடு சேர்த்தே இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்த மென்பொருள் அது. எழுதியவர் கடல் தாண்டி எங்கோ இருக்கும் மரியானோ என்பவர். பகலவனோ பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரிண்டருக்கு மை நிரப்பி, ஓடாத லேப்டாப்பை ஓடவைத்துப் பிழைக்கிறவன். மென்பொருளை இறக்கி, அவர் பெயரோடு முதலில் தோன்றும் படத்தை மட்டும் எடுத்துவிட்டுத் தன் பெயர் போட்ட படத்தை ஒட்டினான். போட்டுக் கொடுத்ததற்குக் கூலி வாங்கியதில் தப்பில்லை, உரிமத்திலேயே அதற்கு இடம் உண்டு. எழுதியவர் பெயரை எடுக்கத்தான் இடமில்லை. விளையாட்டாகத்தான் செய்தான். "நம்மூரு புள்ள செஞ்சதா!" என்று ஷர்புன்னிசா வாயில் கைவைத்தபோதாவது இல்லையென்று சொல்லியிருக்கலாம். அவர் கடைத்தெருவில் சொன்னார், சின்னசேலத்துக் கல்யாணத்தில் சொன்னார், மூட்டை இறக்க வரும் மலைக்காரர்களிடமெல்லாம் சொன்னார். இப்போது பெரிய கடைக்காரர்கள்கூட அவனைக் கண்டால் வண்டியை நிறுத்தி நலம் விசாரிக்கிறார்கள். இனி எந்த வாயால் மாற்றிச் சொல்வது?

வினை மகமையில் வந்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று நோன்புக் கஞ்சிக்கு ஒதுக்குகிற மகமை, சாதுல்லா காலத்துப் பழக்கம். மற்ற மண்டிகளைப்போல அதைச் சரக்குக் கொண்டுவருகிறவர் தலையில் கட்டாமல், தன் லாபத்திலிருந்து எடுப்பார். இந்த வருஷம் மகமையைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது, மென்பொருளுக்கு அந்தப் பெருந்தன்மை தெரியவில்லை. புளி கொண்டுவந்த செல்லியம்மாளின் சீட்டிலேயே மகமையைக் கழித்துவிட்டது. பார்த்ததும் ஷர்புன்னிசா பதறிப்போனார்.

"பாவம், அந்தம்மா காசுல ஊத்துனா அது கஞ்சியா தம்பி? நோன்புக்குள்ள மாத்திக் குடு. நீ செஞ்சதுதான, உனுக்கு இன்னா கஷ்டம்?"

பகலவனுக்கு நிரல் ஒரு வரிகூட எழுத வராது. தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கூட்டிச் சேர்த்து, மகமை என்றால் என்ன, அதை யார் கணக்கில் கழிக்கக் கூடாது என்று அந்த மென்பொருளின் இணையப் பக்கத்தில் எழுதிப் போட்டான். மரியானோ பதில் போட்டார். புரியாததைச் சலிக்காமல் கேட்டார். நோன்பு எப்போது ஆரம்பம் என்றும் கேட்டுக்கொண்டார். நேற்று, பிறை தெரிவதற்கு முன்பே திருத்திய பதிப்பு வந்துவிட்டது. காசு அனுப்பட்டுமா என்றதற்கு, 'வேண்டாம். அந்த அம்மாவின் கணக்கு சரியாக வந்ததா என்று மட்டும் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து பகலவனுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பென் டிரைவில் இரண்டு பதிப்புகள் இருந்தன. காலையில் பழக்க தோஷத்தில் தன் படத்தை ஒட்டி வைத்தது ஒன்று. மரியானோ அனுப்பியபடியே இருந்தது இன்னொன்று.

"விடிகால சஹர் சாப்பாட்டப்பவே உம்பேரச் சொல்லி அல்லாட்ட துவா கேட்டேன்" என்றார் ஷர்புன்னிசா பின்னால் நின்றபடி. "எங்க வூட்டுல அம்மா பேரையும் சேத்துச் சொல்றது வழக்கம். உங்கம்மா பேரு இன்னா தம்பி?"

பகலவன் அம்மாவின் பெயரைச் சொல்லவில்லை. இரண்டாவதைப் போட்டான். அது ஏறி முடிந்தது. பிறகு திரை திறந்தது.

பில் பார்த்துப் பார்த்து ஆங்கில எழுத்து பழகியவர் ஷர்புன்னிசா. முன்னால் குனிந்து எழுத்துக்கூட்டினார். "ம, ரி, யா, னோ. யாரு தம்பி இது?"

"இத செஞ்சவரு அக்கா." குரல் அவனுக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னான். "மகமையையும் அவருதான் மாத்திக் குடுத்தாரு. நான் பேர மட்டுந்தான் மாத்துனேன்."

ஷர்புன்னிசா அவனைப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே மூட்டையை எடையில் ஏற்றும் சத்தம் கேட்டது.

"அவங்கம்மா பேரு இன்னா?"

பகலவனுக்குத் தெரியவில்லை. தூக்கின் மூடியை ஷர்புன்னிசா எப்போது திறந்தார் என்றும் கவனிக்கவில்லை. கஞ்சிமேல் ஆடை படிய ஆரம்பித்திருந்தது.