ஐம்பது எம்பிக்குள் பத்து விரல்

வீடியோவை ஃபைலாக்கும் ‘எக்ஸ்போர்ட்’ பட்டனை ஷோபா ஐந்தாவது முறையாக அழுத்தியபோது மணி நாலரை. அக்கா வேதவல்லியின் வீடியோ ஐந்து மணிக்குள் சைனிக்புரி பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். வேதவல்லிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காது கேளாத பிள்ளைகளுக்கான அந்தப் பள்ளியில் டீச்சர் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள். கைஜாடையில் பத்து நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், வெட்டக்கூடாது, ஃபைல் ஐம்பது எம்பியைத் தாண்டக்கூடாது. நாற்பது வயதுக்கு மேல் இனி வேறெந்தப் பள்ளி கூப்பிடப்போகிறது?

மாரெட்பள்ளியில் பன்னிரண்டு வருஷமாகக் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவளுக்கே இந்த ஐம்பது எம்பி தண்ணி காட்டியது. அளவுக்குள் அடக்கினால் விரல்கள் கரைந்துபோயின. அக்கா நடத்துவதோ பின்னக் கணக்கு. மூன்று எது, நான்கு எது என்று தெரியாவிட்டால் விளங்கினாற்போலத்தான்! ஃபைலை இன்னும் சுருக்குகிற H.265 என்ற புது முறை இருக்கிறது, பள்ளியோ பழைய H.264தான் வேண்டும் என்று கண்டிப்பாக எழுதியிருந்தது.

புருஷன் உமாசங்கர் டீயோடு வந்து எட்டிப்பார்த்தான். “கைக்கு இவ்ளோ டென்ஷனா? வாட்ஸ்அப்ல அனுப்பிடு.”

அதில் போனால் இன்னும் கூழாகிவிடும் என்று சொல்லக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை. அழுகைதான் முட்டியது.

வேதவல்லி அவள் தோளைத் தட்டி, படத்துக்குக் கீழே ஓடிய பச்சை அலைகளைக் காட்டினாள். சத்தம் என்று ஷோபா காதைத் தொட்டுக் காட்டினாள். அக்காவின் புருவம் ஏறியது.

“யாருக்கு?” என்றது அவள் கை.

பார்க்கப்போகிற ஹெட்மிஸ்ட்ரஸுக்கும் காது கேட்காதே! ஷோபா தலையில் அடித்துக்கொண்டாள். நாதஸ்வரம் கொஞ்சம் மங்கினாலும் பெண் வீட்டார் சண்டைக்கு வருவார்கள் என்று சத்தத்தை உச்சத் தரத்தில் வைப்பது அவள் கைப்பழக்கம். இங்கே ஃபேன் இரைச்சலும் குக்கர் விசிலும் ஐம்பதில் பாதியை விழுங்கிக்கொண்டிருந்தன. வராத விருந்தாளிக்குத் தலைவாழை இலை போட்டிருக்கிறாள் மகராசி. சத்தத்தை அடியோடு நீக்கி, அந்த இடத்தைப் படத்துக்குக் கொடுத்தாள்.

நாற்பத்தொன்பது எம்பி. நகக்கண் வரை தெளிவு. ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கையில் ஃபைல் போய்ச் சேர்ந்தது. ஷோபாவுக்குச் சந்தோஷம் தாளவில்லை. அக்காவைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மறுநாள் காலை ஹெட்மிஸ்ட்ரஸ் வீடியோ காலில் வந்தார். அவர் கை போன வேகத்தில் ஷோபாவுக்குப் பாதிதான் பிடிபட்டது: பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினாராம், மிச்சப் பாடம் எங்கே என்று கேட்கிறார்களாம், திங்கட்கிழமை நேரில் வரவேண்டுமாம்.

“என்ன சொல்றாங்க?” என்றான் உமாசங்கர்.

வேதவல்லி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் பின்னால் ஒரு வகுப்பே எழுந்து நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி விரல்களைப் படபடவென்று ஆட்டியது. அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். சிக்னல் தேய்ந்து படம் கட்டம் கட்டமாக உடைந்தது. அந்தக் கட்டங்களும் ஆடிக்கொண்டே இருந்தன.