அடுப்படியில் விழுந்த கோடு

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த அந்த ஊரில், தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரே ஒரு ஆளைத்தான் கேட்க வேண்டும். தினமும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அவர் படகுத்துறையின் கடைசித் தூணுக்குப் போய், முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, தூணில் பொருத்தியிருக்கும் அளவுப் பலகையைப் பார்ப்பார். தண்ணீர் தொடும் எண்ணை நோட்டில் எழுதுவார். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. தன் கல்யாணத்துக்குத் தைத்த சட்டையோடு வந்து எழுதிவிட்டு மண்டபத்துக்கு ஓடியவர். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'பலகை'. நேரில் பேசும்போது ஒரு 'சார்' சேர்த்துக்கொள்வார்கள்.

அந்த நோட்டுகளைத்தான் நகராட்சிப் பொறியாளர் மொத்தமாக வாங்கிப்போய்க் கணினியில் ஏற்றியிருந்தார். கணினி சொன்னது இது: இருபத்திரண்டு வருடத்தில் தண்ணீரின் சராசரி மட்டம் பதினேழு சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அதே வேகத்தை இன்னும் ஐம்பது வருடத்துக்கு நீட்டி, ஊர் கண்ட பெரிய வெள்ளத்தை அதன்மேல் ஏற்றி, வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டார் அந்த அம்மாள். கோட்டுக்கு உள்ளே அறுபத்தொரு வீடுகள் வந்தன. அவற்றில் இனி மாடி எடுக்க முடியாது, புதிதாக ஒரு சுவர் எழுப்ப முடியாது. போக விரும்புகிறவர்களுக்கு மேட்டுப் பக்கம் மாற்று மனை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கோட்டை உறுதி செய்துவிடுவதாக ஏற்பாடு.

அறுபத்தொன்றில் ஒன்று அவருடைய அக்கா வீடு.

புதன்கிழமை மதியம் அவர் அங்கே போனார். வீட்டின் முன்பாதி மாமாவின் தையல் கூடம். நான்கு மிஷின், ஒரு நீள மேசை. பின்பாதியில் அடுப்படியும் ஒரு படுக்கையறையும். அக்கா மகளும் மருமகனும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கேயே வந்துவிட, மாடியில் இரண்டு அறை எடுப்பதாக இருந்தது. அதற்குப் போட்ட வரைபடம் அலமாரிக்கு மேல் சுருண்டு கிடந்தது.

"வா தம்பி," என்றாள் அக்கா. "உன் நோட்டு என் மாடிய முழுங்கிருச்சு. சாப்ட்டியா?"

"நான் என்னக்கா பண்ணேன்? இருக்கிறதத்தானே எழுதினேன்."

"கொஞ்சம் கம்மியா எழுதியிருந்தா கை தேஞ்சா போயிருக்கும்?"

"விடு," என்றார் மாமா துணிக் குவியலுக்குப் பின்னாலிருந்து. "பொய் எழுதத் தெரிஞ்சிருந்தா உன் தம்பி எப்பவோ பெரிய ஆபீஸ்ல நாற்காலி போட்டு உக்காந்திருப்பான். மச்சான், சும்மா நிக்காத. இந்த முனையப் பிடி."

ஒரு விடுதிக்கு நாற்பது திரைச்சீலை. மாமா அளப்பதற்கு வைத்திருந்தது அளவுப் பலகைதான், பழையது. பதினோரு வருடத்துக்கு முன் ஒரு சரக்குப் படகு துறையில் மோதியபோது அது இரண்டாக முறிந்தது. அடிப்பாதியைத் தூக்கி வந்து மாமாவிடம் கொடுத்தவரே இவர்தான். நல்ல மரம், வீணாகக் கூடாது என்று.

துணியின் முனையைப் பலகையின் ஓரத்தில் வைத்துப் பிடித்தார்.

"அங்க இல்ல மச்சான். கீழ அஞ்சு விரல் வெறும் கட்டை. சைபர் அதுக்கு மேல. மொதத் தடவ நானும் உன்ன மாதிரி ஓரத்துல வெச்சுத்தான் ஆறு திரை வெட்டினேன். எல்லாம் நீளமாப் போயி அவங்க வீட்டுத் தரையக் கூட்டிக்கிட்டுக் கிடந்துச்சு."

அவர் குனிந்து பார்த்தார். சைபருக்குக் கீழே வண்ணம் பூசாத மரம். அதில் இரண்டு ஆணி ஓட்டைகள். தூணில் இருந்த இரும்புத் தாங்கிக்குள் உட்கார்ந்திருந்த பகுதி அது. மாமாவின் நாடாவை வாங்கி அளந்தார். ஒன்பது சென்டிமீட்டர்.

படகு மோதிய வாரம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. புதுப் பலகை மறுநாளே வந்துவிட்டது. அதைச் சரியான மட்டத்தில் பொருத்த நில அளவையாளர் வர வேண்டும். இன்று, நாளை என்றார்கள். நோட்டில் மூன்று நாள் காலியாகக் கிடந்தது. அந்தக் காலிக் கட்டங்களைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் காலையில் தானே புதுப் பலகையைப் பழைய தாங்கிக்குள் இறக்கி, ஆணியை முறுக்கி, ஆறு மணிக்கு எண்ணை எழுதிவிட்டுத்தான் மூச்சு விட்டார். நாள் தவறவிடுகிற ஆளாக இருந்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது.

அன்று மாலை துறைக்குப் போனபோது நீர் நன்றாக வடிந்திருந்தது. சட்டைக் கையை மடித்து, புதுப் பலகையின் அடியில் படிந்திருந்த பாசியைச் சுரண்டினார். தாங்கிக்குள்ளே, வெறும் கட்டை விடாமல், ஓரத்தோடு ஓரமாக, சைபர். பதினோரு வருடமாக ஆறு அவருடைய நோட்டில் ஒன்பது சென்டிமீட்டர் அதிகமாக நின்றுகொண்டிருந்தது.

பதினேழில் ஒன்பது போனால் எட்டு. இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தூணருகே நின்றபடி யோசித்தார். ஆறு உயர்கிறது என்பது பொய் இல்லை. பாதிதான் உயர்ந்திருக்கிறது. ஆனால் பாதி என்று சொல்லப் போகிறவன் யார்? அக்கா வீடு கோட்டுக்குள் இருப்பவன். சொல்லாவிட்டால் அறுபது குடும்பத்துக்குத் துரோகம், சொன்னால் அக்காவுக்காகச் சொன்னதாகிவிடும். அக்காவுக்காகத்தான் சொல்கிறோமோ என்று அவருக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. நாடாவை எடுத்து இன்னொரு முறை அளந்தார். ஒன்பதுதான்.

வியாழக்கிழமை, மாமாவிடமிருந்து வாங்கி வந்த பழைய பலகையைப் பொறியாளரின் அறையில் மேசைமேல் கிடத்தினார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"உங்க அக்கா வீடு எங்க இருக்கு சார்?"

"கோட்டுக்கு உள்ள மேடம்."

"தெரியும். நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்." அவர் ஆணி ஓட்டைகளை விரலால் தடவினார். "ரெண்டு வருஷமா இந்த ஊர்க்காரங்கள நம்ப வைக்கப் படாத பாடு பட்டிருக்கேன். இதைச் சொல்லாதீங்கன்னு சொல்ல வாய் வருது."

"சொல்லாதீங்கன்னு சொல்லுங்க மேடம், சொல்லல."

"அந்தச் சுமைய என் தலையில வெக்காதீங்க. நாளைக்கு இதையும் தூக்கிட்டு வாங்க."

கூட்டம் நூலகத்து மாடியில். அவர் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியேறியதைப் பார்த்து முன்வரிசையில் யாரோ, "ஏணி எதுக்கு சார், இப்பவே கூரை மேல ஏறச் சொல்றீங்களா?" என்றார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு அவர் நடந்ததைச் சொன்னார். அளந்து காட்டினார். பிறகு உட்கார்ந்தார்.

முதலில் எழுந்தவர் மருந்துக்கடைக்காரர். அவர் கடையும் கோட்டுக்குள்தான்.

"பலகை சார், நீங்க நேர்மையான ஆளு, அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா அடுத்த மாசம் இன்னொரு கட்டையத் தூக்கிட்டு வந்து, மீதி எட்டும் தப்புன்னு சொல்ல மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

அறிவியல் டீச்சர் எழுந்தார்.

"எட்டு எங்கயும் போயிடல. உங்க கடைக்கு வர்ற ஒருத்தருக்கு சக்கரை முந்நூறுன்னு லேப்ல தப்பாச் சொல்லிட்டாங்க. அப்புறம் பாத்தா இருநூறு. மாத்திரைய நிறுத்தச் சொல்லுவீங்களா?"

"நிறுத்தச் சொல்ல மாட்டேன் டீச்சர். ஆனா கால வெட்டவும் சொல்ல மாட்டேன்."

சபை சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். பலகைக்காரருக்கு இருவர் சொன்னதும் சரியாகவே பட்டது. அதுதான் அவருக்குத் தொந்தரவாக இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அவரு அக்கா வீடு உள்ள இருக்குல்ல," என்றது. மூன்றாவது வரிசையில் அக்கா திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் காது மட்டும் சிவந்தது.

கூட்டத்தை நடத்திய நகராட்சித் தலைவர் குறுக்கிட்டார். "ஒன்பதைக் கழிச்சா கோடு எங்க போகும்மா?"

பொறியாளர் கணினியைத் தட்டினார். சுவரில் விழுந்திருந்த சிவப்புக் கோடு நழுவி ஆற்றுப் பக்கம் இறங்கியது. அறுபத்தொன்று இருபத்து நான்கானது. கோட்டுக்கு வெளியே வந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். மருந்துக்கடை தப்பியது.

"ஒரு வீடு மட்டும் பாதியாப் போகுதே," என்றார் தலைவர். "அது யாருது?"

"எங்களுதுதான்," என்றாள் அக்கா. "அடுப்படி வழியாப் போகுது."

கடை தப்பிய பிறகும் மருந்துக்கடைக்காரர் விடவில்லை. கணக்கைக் காட்டச் சொன்னார். வெள்ளம், ஐம்பது வருட உயர்வு, அதற்கு மேல் கடைசி வரியில் முப்பது சென்டிமீட்டர்.

"இந்த முப்பது எதுக்கு?"

"தெரியாததுக்கு," என்றார் பொறியாளர்.

"தெரியாதது முப்பதுதான்னு எப்படித் தெரிஞ்சுது?"

பொறியாளர் கையிலிருந்த பேனாவை மூடினார். "உண்மையச் சொல்லணும்னா, இருபது கம்மியாத் தோணுச்சு. நாப்பதுன்னா நீங்க சண்டைக்கு வருவீங்கன்னு தோணுச்சு."

பலகைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு சென்டிமீட்டருக்காக மழையில் குடையும் டார்ச்சுமாக அவர் குனிந்த இருபத்திரண்டு வருடம் ஒரு பக்கம். 'தோணுச்சு' என்ற முப்பது இன்னொரு பக்கம். ஒன்பதைச் சொல்வதா வேண்டாமா என்று அவர் இரண்டு நாளாகச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப முப்பத அம்பதாக்குங்க," என்றார் டீச்சர். "கோடு பழைய இடத்துலயே நிக்கும். இனிமே தண்ணி வேகமா ஏறலாம். இது வரைக்கும் ஏறின வேகத்துலதான் ஏறும்னு ஆறு நமக்கு எழுதிக் குடுத்திருக்கா?"

"பத்தாக்குங்க," என்றார் மருந்துக்கடைக்காரர். "இன்னும் நெறைய பேரு வெளிய வந்துருவாங்க. வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி பயத்துலயே ஊரு காலியாயிடும் போல இருக்கு."

தலைவர் பலகைக்காரரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. ஆத்த உங்களை விட யாரு பாத்தா?"

எல்லாத் தலைகளும் திரும்பின. அவர் எழுந்தார். "எவ்வளவு இருக்குன்னு கேட்டா சொல்லுவேன் சார்," என்றார். "எவ்வளவு பயப்படணும்னு கேட்டா... அதுக்கு எங்கிட்ட பலகை இல்ல." உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் தலைவர் எல்லாரையும் பாதி திருப்தியாக்கினார். புதுக் கோடு இரண்டு வருடத்துக்கு மட்டும். அதற்குள் பக்கத்து ஊர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. கோடு குறுக்கே போகும் வீட்டுக்காரர் மாடி கட்டலாம். ஆனால், 'ஆபத்து எனக்கு எடுத்துச் சொல்லப்பட்டது, என் சொந்தப் பொறுப்பில் கட்டுகிறேன்' என்று கையெழுத்திட வேண்டும். சாட்சி ஒருவர் உடன் கையெழுத்திட வேண்டும்.

சனிக்கிழமை காலை, துறையில் எண்ணை எழுதிவிட்டு அவர் அக்கா வீட்டுக்குப் போனார். அந்தத் தாள் அடுப்பு மேடையில் ஒரு டம்ளருக்கு அடியில் இருந்தது.

"அந்தக் கோடு எங்க போகுதுன்னு போட்டுக் காட்டு," என்றாள் அக்கா.

பொறியாளர் கொடுத்த வரைபடத்தை வைத்துச் சுவரிலிருந்து அளந்து, மாமாவின் தையல் சாக்பீஸால் தரையில் கோடு இழுத்தார். அது அடுப்படி வாசற்படியோரம் நுழைந்து, அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவே சாய்ந்து போய்ச் சுவரில் முட்டியது.

மாமா கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கால் வைத்து நின்றார். "அடுப்பு நனையாது. தொட்டி நனையும். தொட்டி நனைஞ்சா என்ன கெட்டுப் போகுது? ஆனா முன்னால இருக்கிற என் நாலு மிஷினும் கோட்டுக்கு உள்ள மாட்டிக்கிச்சு. ஒண்ணு பண்ணலாம். மாடியக் கட்டி மிஷின மேல ஏத்திருவோம். பிள்ளைங்க கீழ இருக்கட்டும்."

"நல்லா இருக்கே. மிஷின் மேல, என் பொண்ணு தண்ணியிலயா?"

"தண்ணி வந்தா பொண்ணு மாடிப் படி ஏறுவா. மிஷின் ஏறுமா?"

அக்கா திரும்பித் தையல் கூடத்தைப் பார்த்தாள். அவள் அதை யோசிக்கிறாள் என்பது பலகைக்காரருக்குப் புரிந்தது. இந்த மனுஷன் ஜாக்கிரதையாகப் பேசுகிறாரா, கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறாரா என்பதுதான் புரியவில்லை.

"தம்பி, சபையில சொன்ன மாதிரி சொல்லாத. எனக்குச் சொல்லு. வருமா, வராதா?"

"ஒரு நாள் வரும்கா."

"எப்ப?"

"தெரியல."

"நீயா இருந்தா கட்டுவியா?"

அவர் தரையில் இருந்த கோட்டைப் பார்த்தார். ஒன்பதைக் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. கூடாது என்று ஊரே சொல்லியிருக்கும். அது அக்காவுக்கு நல்லதாகக்கூட இருந்திருக்கலாம்.

"தெரியலக்கா," என்றார்.

அக்கா டம்ளரை நகர்த்திவிட்டுத் தாளை எடுத்தாள். "பொண்ணு மாடியில இருக்கட்டும், மின்சாரப் பெட்டியும் மாடிக்குப் போகட்டும். மிஷின நீங்க என் படுக்கையறையில போட்டுக்கங்க," என்று மாமாவிடம் சொன்னாள். "நாம முன்னால படுத்துக்கலாம். நனைஞ்சா முழிச்சுக்குவோம்."

கையெழுத்திட்டுத் தாளைத் தம்பியிடம் நீட்டினாள். 'ஆபத்து எடுத்துச் சொல்லப்பட்டது' என்ற வரியை அவர் இரண்டு முறை படித்தார். என்ன எடுத்துச் சொன்னோம்? சாட்சி என்ற இடத்தில் கையெழுத்திட்டார். தேதி எழுதினார். பழக்க தோஷம், பக்கத்தில் நேரத்தையும் எழுதி, காலையில் பலகையில் பார்த்த எண்ணையும் எழுதிவிட்டார்: நூற்று முப்பத்து நான்கு. யோசித்து, அதன் கீழே நூற்று இருபத்தைந்து என்று எழுதினார். முதலில் எழுதியதை அடிக்கப் பேனாவை வைத்தார். அடிக்கவில்லை.

"இது என்ன ரெண்டு நம்பர்?" என்று எட்டிப் பார்த்தாள் அக்கா.

"பலகை சொன்னது ஒண்ணு. ஆறு நின்னது ஒண்ணு."

"இதுல எதைப் பாத்து நான் பயப்படணும்?"

அவர் பதில் சொல்வதற்குள் மாமா, படுக்கையறைக்குக் கொண்டுபோக முதல் மிஷினை அடுப்படிக்கு இழுத்து வந்துவிட்டார். "மச்சான், அந்தப் பக்கம் பிடி," என்றார். பிடித்தார். இரண்டு பேருமாக அதைத் தூக்கிக்கொண்டு, சாக்பீஸ் கோட்டை மிதிக்காமல், பார்த்துப் பார்த்துத் தாண்டினார்கள்.